கேப் டவுன் முஸ்லிம்கள்

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையில் உள்ள கேப் டவுனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் முஸ்லிம் சமூகம். நாட்டு மக்கள்தொகையில் முஸ்லிம்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. ஆனால் நகரின் பேச்சு, சமையல், இசை ஆகிய மூன்றிலும் இச்சமூகத்தின் பங்கு எண்ணிக்கையை மிஞ்சியது. இதன் வரலாறு பெரும்பாலும் நிலத்தைப் பற்றியது. தொழ ஓர் இடம், அடக்க ஓர் இடம், குடியிருக்க ஓர் இடம் என்று மூன்று நூற்றாண்டுகளாக அது நீள்கிறது.

1652இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கால்வைத்தது. 1808 வரை சுமார் 63,000 அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், இந்தியாவும் இலங்கையும் என நான்கு திசைகளிலிருந்தும் ஏறத்தாழ கால்வாசிப் பேர். நாகப்பட்டினமும் பழவேற்காடும் அன்று டச்சுக்காரர் கையில் இருந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பின்னாளில் இவர்களின் வழிவந்த முஸ்லிம்களுக்கு 'கேப் மலாய்' என்று ஒரே முத்திரை குத்தப்பட்டது. நிறவெறி அரசு 1950இன் சட்டப்படி மக்களை இனவாரியாகப் பதிந்தபோது அதைச் சட்டப்படியான பிரிவாகவே ஆக்கியது. வங்காளத்தானும் சிங்களத்தீவானும் மலாய்க்காரன் ஆனது இப்படித்தான்.

அடிமைகளோடு அரசியல் கைதிகளும் வந்தனர். மக்காசாரைச் சேர்ந்த சூஃபி அறிஞர் ஷேக் யூசுஃப், பாண்டன் சுல்தானுக்குத் துணைநின்று டச்சுக்காரரை எதிர்த்தவர். பிடிபட்டு 1684இல் இலங்கைக்கும், அங்கிருந்தும் அவர் செல்வாக்கு ஓயாததால் 1694இல் கேப்புக்கும் அனுப்பப்பட்டார். நகரிலிருந்து தள்ளியிருந்த சான்ட்ஃபிளீட் பண்ணையில் அவரை வைத்தார்கள். தப்பியோடிய அடிமைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1699இல் அவர் மறைந்தார். அந்த ஊருக்கு இன்று மக்காசார் என்றே பெயர். அவர் அடக்கத்தலம் உட்பட நகரைச் சுற்றியுள்ள தர்காக்களை மக்கள் 'கிராமத்' என்கிறார்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் அவற்றைப் போய் ஸியாரத் செய்யும் வழக்கம் உண்டு.

கம்பெனிச் சட்டப்படி நெடுங்காலம் டச்சு சீர்திருத்தத் திருச்சபை தவிர வேறெந்தப் பொது வழிபாட்டுக்கும் இடமில்லை. எனவே மார்க்கம் வீட்டுக்குள் வளர்ந்தது. 1780இல் திதோர் தீவிலிருந்து கைதியாக வந்த இமாம் அப்துல்லாஹ், மக்கள் வாயில் 'துவான் குரு', ராபன் தீவுச் சிறையில் குர்ஆனை நினைவிலிருந்தே எழுதினார். விடுதலையானதும் டார்ப் தெருவில் மதரஸா நடத்தினார். அடிமைப் பிள்ளைகளும் அங்கே ஓதினார்கள். நாட்டின் முதல் பள்ளிவாசலான அவ்வல் பள்ளி 1794இல் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. துவான் குருவே அதன் முதல் இமாம். பள்ளி எழுந்த மனை, விடுதலை பெற்ற அடிமையான 'சிலோன் கோரிடோன்' வாங்கியது. அவருக்குப் பின் மனைவிக்கும் மகள் சார்ச்சிக்கும் வந்தது. அதைப் பள்ளிக்கென்று விட்டவர் சார்ச்சி. வழிபாட்டு உரிமை சட்டத்தில் ஏறியது 1804இல்தான். அதற்கு முன்பே பள்ளி நடந்துகொண்டிருந்தது.

இத்தகைய மதரஸாக்கள் விட்டுச்சென்ற பெரும் சொத்து ஒன்று உண்டு. அடிமைகளும் எசமானர்களும் கலந்து பேசிய உடைந்த டச்சு, அதாவது இன்றைய ஆஃப்ரிகான்ஸ், அரபு எழுத்தில் கிதாபுகளாக எழுதப்பட்டது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் அறிந்த காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் இது புரியவைக்க வேண்டியதில்லை. உஸ்மானிய சுல்தான் அனுப்பி 1863இல் வந்த அபூபக்கர் எஃபெந்தி இவ்வாறு எழுதிய 'பயானுத்தீன்' 1877இல் இஸ்தான்புல்லில் அச்சானது. மார்க்கச் சட்டத்தில் அவர் ஹனஃபி வழி, ஊரோ ஷாஃபி வழி. கடல் இறாலின் பெரிய வகையான கிரீஃப் கூடாது என்று அவர் சொல்லப்போக, மீன்பிடித்து வாழ்ந்த ஊர் கொதித்தெழுந்தது. பின்னாளில் வெள்ளையர் தேசியத்தின் கொடியாக ஏற்றப்பட்ட மொழியின் தொடக்க ஏடுகளில் கணிசமானவை அடிமைகளின் பிள்ளைகளுடையவை. இதைப் பள்ளிப் பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லவில்லை.

அடக்க இடமான மையவாடிக்காகவும் ஒரு போராட்டம் நடந்தது. 1805இல் கிடைத்த தானா பாரு மையவாடியை, அம்மை பரவுவதைக் காரணம் காட்டி, டச்சுக்காரருக்குப் பின் வந்த ஆங்கிலேய அரசு 1886 ஜனவரியில் மூடியது. இரண்டே நாளில் சுமார் மூவாயிரம் பேர் ஒரு குழந்தையின் ஜனாஸாவைச் சுமந்துபோய் அங்கேயே அடக்கினார்கள். காவலர்மீது கல் பறந்தது. மையவாடி திறக்கப்படவில்லை.

அன்றாட வாழ்வில் கலப்பு எங்கும் தெரியும். மீலாதின்போது பெண்கள் பள்ளிக்குள் வட்டமாக அமர்ந்து நாரத்தை, எலுமிச்சை இலைகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, வாசனைத் தைலம் தெளித்து, சிறு பொட்டலங்களாக மடித்துக் கொடுப்பார்கள். இதற்கு 'ராம்பி ஸ்னே' என்று பெயர். ராத்திபு ஓதி உடலில் வாளை ஏற்றும் சடங்கும் உண்டு. ஆலிம்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை. ஞாயிறு காலைகளில் தேங்காய்த்துருவல் தூவிய, பாகில் ஊறிய 'குசிஸ்டர்' வீட்டுக்கு வீடு போகும். ரமளானில் நோன்பு திறக்குமுன் பலகாரத் தட்டுகளோடு பிள்ளைகள் தெருவில் ஓடுவார்கள்.

1950இன் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் இந்தத் தெருக்களையே குறிவைத்தது. 1966இல் நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். வீடுகளை இடித்தவர்கள் பள்ளிவாசல்களைத் தொடவில்லை. வெளியேறியவர்கள் தொலைவிலிருந்து வந்து அங்கே தொழுதார்கள். கிளேர்மான்ட் பகுதியின் இமாம் அப்துல்லாஹ் ஹாரோன் நிறவெறியை மிம்பரிலிருந்தே கண்டித்தவர். 1969 மே மாதம் கைதாகி, 123 நாள் காவலில் இருந்து, செப்டம்பர் 27 அன்று இறந்தார். படிக்கட்டில் விழுந்ததாகக் காவல்துறை சொன்னது. ஜனாஸாவில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். சித்திரவதையால்தான் இறந்தார் என்று நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

சிக்னல் மலைச்சரிவில் உள்ள போ-காப் பகுதியோ 'மலாய்க் குடியிருப்பு' என்ற பெயரால் தப்பியது. அதன் வண்ண வீடுகளைப் படம்பிடிக்க இப்போது சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன. வீட்டு விலையும் சொத்து வரியும் ஏற, 2018இல் குடியிருப்போர் சாலையை மறித்துப் போராடினார்கள். மறு ஆண்டு பாரம்பரியப் பாதுகாப்பு கிடைத்தது. அது கட்டடத்தின் உயரத்தையும் முகப்பையும் கட்டுப்படுத்தும். யார் வாங்குகிறார்கள், யார் விற்றுப் போகிறார்கள் என்பதில் அதற்கு அதிகாரமில்லை.