சிலமலைப் பாறையும் மன்னார்க் கடலும்: புவியோட்டு ஆய்வில் கடலடி மின்காந்த அளவீட்டின் இன்றியமையாமை

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையிலிருந்து ஏலமலைச் சரிவுகள் வரை நிலத்தடியில் பெரும்பாலும் பரந்திருப்பவை, புவியோட்டின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தில், நீர்ப்பசை குறைந்த சூழலில் உருவான சார்னோக்கைட்டும் அதனோடு இயைந்த நைஸ் பாறைகளுமே ஆகும். பொட்டிப்புரத்தின் அம்பரப்பர் மலை நியூட்ரினோ ஆய்வகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இப்பாறையின் உறுதியும் ஒரு காரணம். இம்மலைகளின் ஆழ அமைப்பை நிலத்தில் மட்டும் கருவிகளை நிறுவி முழுமையாக அறிய இயலாது என்பதும், தென்கடலின் அடித்தளத்திலும் மின்காந்த அளவீடு நடைபெற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அயனி மண்டலத்திலும் அதற்கு அப்பாலும் ஓடும் மின்னோட்டங்களால் புவியின் காந்தப்புலம் இடைவிடாது மாறுகிறது. அம்மாற்றம் நிலத்திற்குள் மின்புலத்தைத் தூண்டுகிறது. இவ்விரு புலங்களையும் ஒருசேர அளந்து, அவற்றின் விகிதத்திலிருந்து ஆழத்துப் பாறைகளின் மின்தடைத்திறனைக் கணிப்பது காந்தப் புவிமின் முறை. சோவியத் அறிஞர் டிகோனவ் 1950இலும் பிரெஞ்சு அறிஞர் கான்யார் 1953இலும் இதற்கு அடித்தளமிட்டனர். மாற்றத்தின் அலைவுநேரம் நீள நீள, அது ஊடுருவும் தொலைவும் பெருகும்.

இவ்வூடுருவல் செங்குத்தாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் நிகழ்வதால்தான் கடல் குறுக்கிடுகிறது. மின்தடைத்திறனையும் நொடியில் கூறப்படும் அலைவுநேரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, பாதியாக்கினால் ஊடுருவல் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். உலர்ந்த சார்னோக்கைட்டின் மின்தடைத்திறனை 10,000 ஓம்-மீட்டர் என்றும், பாறை முழுதும் ஒரே தன்மையது என்றும் கொண்டால், 10 நொடி அலைவு ஏறத்தாழ 158 கிலோமீட்டர் எட்டும். போடிநாயக்கனூரிலிருந்து அரபிக்கடல் நேர்கோட்டில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. கடல்நீரின் மின்தடைத்திறனோ ஏறக்குறைய 0.3 ஓம்-மீட்டர். எனவே மலைச்சரிவில் பதிவாகும் நீண்ட அலைவுகளில் கடலின் தாக்கமும் கலந்தே இருக்கும். அதைக் கணக்கில் கொள்ளாதவர், கடலால் விளைந்ததை ஆழ்பாறையின் இயல்பாகக் கருதிவிடக்கூடும்.

இது வெறும் கணக்கன்று. திருவனந்தபுரம், அண்ணாமலைநகர் ஆகிய காந்த ஆய்வகங்களின் பதிவுகளில் காந்தப்புலத்தின் செங்குத்துக் கூறு இயல்புக்கு மாறாக நடப்பது நெடுநாளாக அறியப்பட்டதே. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட குறுகிய கடற்பகுதியில் தூண்டுமின்னோட்டங்கள் குவிந்து பாய்வதே காரணம் என்பது ஒரு விளக்கம். அக்கடலுக்கு அடியில் புவியோட்டிலோ மேற்கவசத்திலோ மின்கடத்தும் பகுதி ஒன்று உண்டு என்பது மற்றொன்று. கரையில் நின்று அளப்பவருக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே விளைவையே காட்டும் என்பதால், தரை அளவீடுகளை மேலும் பெருக்குவதால் மட்டும் இவ்வழக்கு தீராது.

கடலடியில் இறக்கப்படும் கருவியில் காந்தமானியும், சில மீட்டர் இடைவெளியில் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனைகளும் இருக்கும். கனமான நங்கூரத்தால் அது அடித்தளத்தில் அமரும். பதிவு முடிந்தபின் கப்பலிலிருந்து அனுப்பப்படும் ஒலிக்குறிப்பால் நங்கூரம் விடுபட, கருவி மிதந்து மேலெழும். மேலேயுள்ள நீர் குறுகிய அலைவுகளை விழுங்கிவிடுவதால், மேலடுக்குகளைக் காண, கப்பலால் இழுக்கப்படும் மின்னோட்டக் கம்பியே அலைகளை எழுப்பும் கட்டுப்படுத்திய மூல முறை துணைக்கு வருகிறது. 2000இல் அங்கோலாக் கடலில் எண்ணெய்த் தேட்டத்திற்கெனச் சோதிக்கப்பட்ட பின் இம்முறை விரைந்து பரவியது.

இங்கே தடைகளும் உண்டு. பாக் நீரிணை ஆழமற்றது என்பதால் அலைகள் கருவியை அசைக்கும்; இழுவலைகள் அதைச் சிதைக்கலாம்; காந்த நடுவரையை ஒட்டிப் பகலில் பாயும் மின்தாரை, மூலப்புலம் சீரானது என்ற, காந்தப் புவிமின் முறையின் அடிப்படை எடுகோளையே குலைக்கும். ஆயினும் இரவுநேரப் பதிவுகளைத் தெரிவுசெய்வதாலும், மன்னார் வளைகுடாவின் ஆழ்ந்த பகுதியில் தொடங்குவதாலும், மீனவர்களோடு கலந்து இடமும் காலமும் வகுப்பதாலும் இவற்றைப் பெரிதும் குறைக்கலாம்.

இவ்வளவீட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவிய அச்சன்கோவில் துணிப்பு மண்டலம் போடிநாயக்கனூருக்குத் தெற்கே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றாயிருந்த காலத்தில் இலங்கையின் எப்பகுதியோடு அது இணைந்திருந்தது என்பது இன்றும் விவாதத்திற்குரியது. ஏலமலையிலிருந்து மன்னார் வளைகுடா வழியாக இலங்கையின் மேற்குக் கரைவரை தரையும் கடலும் இணைந்த ஒரே அளவீட்டுக் கோட்டை இருநாட்டு நிறுவனங்களும் கூடி அமைத்தால், கடலின் தாக்கத்தைப் பிரித்தறியவும், மின்கடத்தும் பகுதி உண்டா எனத் துணியவும், அம்மண்டலத்தின் தொடர்ச்சியைத் தேடவும் ஒரே தரவுத்தொகுதி பயன்படும்.