நிறுவிய தமிழும் வந்தமைந்த தமிழும்: கருவிகளின் இற்றைப்படுத்தலும் தமிழ்ப் பயனரும் (1985–2025)

முன்னுரை

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எழுத்துருவை வடித்தவர் யார், விசைப்பலகையைத் தரப்படுத்திய மாநாடு எது, குறியாக்கத்தை ஏற்ற அரசாணை எப்போது வெளிவந்தது என்னும் வினாக்களுக்கு இன்று ஓரளவு தெளிவான விடைகள் உள்ளன. ஆயின், அக்கருவிகளை விலை கொடுத்து வாங்கி, அவற்றில் வினாத்தாள் தயாரித்து, கடிதம் எழுதி, குறுஞ்செய்தி அனுப்பிய பயனரின் பட்டறிவு அவ்வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவது அரிது. அப்பயனரின் பக்கம் நின்று, மேசைக் கணினி முதல் திறன்பேசி வரையிலான நாற்பதாண்டுகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கக் காலத்தில் தமிழைப் பயனர் தாமே தம் கருவியில் நிறுவிக்கொண்டார். பிற்காலத்தில் தமிழ் கருவியோடு வந்தமைந்தது. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின், தமிழ் ஒரு கருவியில் எப்போது தோன்றும், எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று முடிவுசெய்யும் உரிமை, அப்பேற்றோடு சேர்ந்தே பயனரின் கையைவிட்டு உற்பத்தியாளரிடம் சென்றது. இக்கைமாற்றம் மென்பொருள் இற்றைப்படுத்தலின் வழியாகவே நிகழ்ந்தது என்பது நம் கருத்து.

சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. பேச்சு வழக்கில் ‘மேம்படுத்தல்’ என்றும் ‘இற்றைப்படுத்தல்’ என்றும் வேறுபாடின்றி வழங்குகிறோம். முன்னது தரம் உயர்வதைக் குறிக்கும். பின்னது இன்றைய நிலைக்குக் கொணர்வதை மட்டுமே குறிக்கும். இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாய் அமைவதில்லை என்பதால் இங்குப் பின்னதையே ஆள்கிறோம்.

1. நிறுவிய தமிழ்

தனியாள் கணினிகள் பரவத் தொடங்கிய 1980களில் அவற்றுள் தமிழ் இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் ஆகியன அக்குறையைப் போக்க இவ்வட்டாரத்தில் எழுந்த முயற்சிகளுள் முதன்மையானவை.

அக்காலப் பயனரின் இடர்ப்பாட்டை அறியக் குறியாக்கத்தின் அடிப்படையைச் சற்றே நினைவுகூர்தல் வேண்டும். எட்டு நுண்மிக் குறியாக்கத்தில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கு உரியவை. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. ஆகவே, ஒவ்வொரு மென்பொருளாளரும் எழுத்துகளையும் அவற்றின் உறுப்புகளையும் தமக்கு உகந்த முறையில் அவ்விடங்களில் அமைத்துக்கொண்டனர். இதனால், ஓர் எழுத்துருவில் எழுதிய கடிதம் மற்றோர் எழுத்துருவைக் கொண்ட கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. கோப்புடன் எழுத்துருவையும் நெகிழ்வட்டில் படியெடுத்துக் கொடுப்பது அன்றைய ஆசிரியர்களிடையே இயல்பான வழக்கமாயிற்று.

1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் மாநாடு இச்சிக்கலைப் பொதுமேடைக்குக் கொணர்ந்தது. மின்னஞ்சல் வழிக் கலந்தாய்வில் திஸ்கி குறியாக்கம் உருப்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. ஆக, ஒரே தரத்தை நாடிய முயற்சி ஒன்றுக்கு மேற்பட்ட தரங்களைத் தந்தது. பயனரின் சுமை குறைந்ததேயன்றி நீங்கவில்லை.

ஆயினும், இக்காலப் பயனரிடம் ஓர் உரிமை இருந்தது. தமிழ் அவர் கையிலிருந்த வட்டில் இருந்தது. புதிய கணினி வாங்கினால், அவ்வட்டைக் கொண்டு அதிலும் தமிழை அவர் நிறுவிக்கொண்டார். எவருடைய இசைவையும் அவர் எதிர்நோக்க வேண்டியிருக்கவில்லை.

2. ஒருங்குறியும் கைப்பேசியும்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. எனினும், அது பயனரை வந்தடைய ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா என்னும் தமிழ் எழுத்துருவோடு வந்தது. அதனையடுத்து 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், தமிழ் எழுத்துகள் முறையாக இணைந்து தோன்றுவதற்கான பகுதியைப் பயனரே அமைப்புகளுக்குள் சென்று முடுக்கிவிட வேண்டியிருந்தது. வந்தமைந்த தமிழ்கூட முதலில் நிறுவிய தமிழின் சாயலோடுதான் வந்தது எனலாம்.

கைப்பேசியில் நிலை வேறு. 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினம், தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. இங்குப் பயனர் உணர்ந்த மற்றொரு தடை செய்தியின் அளவாகும். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலமாயின் 160 எழுத்துகள் அடங்கும். ஒருங்குறியில் அனுப்பினாலோ 70 குறிகளே அடங்கும். மேலும், தமிழில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படும். ‘வணக்கம்’ என்னும் சொல் இலக்கணத்தில் ஐந்தெழுத்து. ஒருங்குறியிலோ ஏழு குறிகள். ஒரே செய்தியைத் தமிழில் அனுப்புவோர் இரண்டு செய்திகளுக்குக் கட்டணம் செலுத்த நேர்ந்ததன் காரணம் இதுவே.

3. திறன்பேசி: உரிமையின் கைமாற்றம்

ஐபோன் 2007இலும் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008இலும் வெளிவந்தன. தொடக்கக் காலத் திறன்பேசிகள் பலவற்றில் தமிழ்ப் பக்கங்கள் வெறுங்கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம்மாறிய எழுத்துகளாகவோ தோன்றின. ஓப்பரா மினி உலாவியின் அமைப்பை மாற்றி, தமிழ் எழுத்துகளைப் படவடிவில் பெற்றுப் படிப்பதே பலருக்கு வழியாக இருந்தது.

இங்குதான் கைமாற்றம் தெளிவாகப் புலப்படுகிறது. ஆண்ட்ராய்டில் 2009 முதலே பயனர் தமக்கு வேண்டிய விசைப்பலகையை நிறுவ இயன்றது. ஆயின், எழுத்துகளைச் சரிவரக் காட்டும் திறன் இயங்குதளத்தின் பதிப்பைப் பொறுத்தது. எனவே, எழுத முடிந்தும் படிக்க முடியாத கைப்பேசிகள் இருந்தன. ஐபோனிலோ, எல்லாச் செயலிகளிலும் இயங்கும் பிறர் விசைப்பலகைகளை நிறுவுவதற்கு 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை வழியில்லை.

அதற்கு ஓராண்டு முன்பு, 2013 செப்டம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 7, தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளைத் தன்னுடனேயே கொண்டுவந்தது. வட்டு இல்லை, தனிக் கட்டணம் இல்லை, இற்றைப்படுத்தியதும் தமிழ் அங்கிருந்தது. தமிழ்க் கணிமை வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அவ்வியங்குதளம் ஐபோன் 4உம் அதற்குப் பிந்தியவையுமான கருவிகளுக்கே வழங்கப்பட்டது. 2012 செப்டம்பர் வரை விற்பனையில் இருந்த ஐபோன் 3ஜிஎஸ் அதில் சேரவில்லை. 2012இன் நடுவில் அக்கைப்பேசியைப் புதிதாக வாங்கிய தமிழர் ஒருவர், ஓராண்டு கழிந்ததும் இயங்குதளத் தமிழ் விசைப்பலகையைப் பெற மற்றொரு கருவி வாங்க வேண்டியவரானார். முந்தைய தலைமுறையின் நெகிழ்வட்டு அவருக்கு உதவியிருக்க இயலாது.

சார்புநிலையின் மற்றொரு சான்று நம் அண்டை மொழியிலிருந்து கிடைக்கிறது. 2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்றைக் காட்ட முற்பட்டபோது ஐபோன் செயலிகள் நிலைகுலைந்தன. அம்மாதமே வெளியான ஐஓஎஸ் 11.2.6 அப்பிழையைக் களைந்தது. திருத்தம் விரைவாக வந்தது பாராட்டத்தக்கதே. ஆயின், தம் மொழியின் ஓர் எழுத்துக்காகப் பயனர் செய்யக்கூடியது காத்திருத்தல் ஒன்றே என்பதையும் அந்நிகழ்வு காட்டிற்று.

4. இற்றைப்படுத்தலின் விலை

இற்றைப்படுத்திய பின் கைப்பேசி மந்தமாகிறது என்பது பயனரிடையே நெடுநாள் நிலவிய முறையீடு. முதுமையடைந்த மின்கலங்களைக் கொண்ட ஐபோன்களின் வேகம் மென்பொருள் வழிக் குறைக்கப்படுவதை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கியது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம், பழைய கைப்பேசிகளைப் பாதித்த இற்றைப்படுத்தல்களுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சுங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றிய விதிகள், ஒரு கைப்பேசி வகையின் விற்பனை நின்றபின் குறைந்தது ஐந்தாண்டுகள் இயங்குதள இற்றைப்படுத்தல் கிடைக்க வேண்டும் என வரையறுத்துள்ளன.

சட்டத்தால் கருவியின் ஆயுளை நீட்டிக்க இயலும். அக்கருவி மாற்றங்களிடையே கைவிடப்பட்ட எழுத்துகளை அது மீட்டுத் தாராது. நம் துறையினர்க்கு நேரடியாகப் பொருந்தும் விலை இதுவே. 1990களில் தனி எழுத்துருக்களில் உருவாக்கிய பாடக் குறிப்புகள், இதழ்கள், கருத்தரங்கக் கட்டுரைகள் முதலியவற்றை இன்று திறந்தால், பல வேளைகளில் புள்ளியும் கீற்றும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளே தோன்றுகின்றன. அவற்றை எழுதிய பழைய மென்பொருள்களுள் பதினாறு நுண்மி வகையைச் சார்ந்தவை இன்றைய அறுபத்துநான்கு நுண்மி விண்டோசில் இயங்கா. கோப்பு அழியவில்லை, அதைப் படிக்கும் திறவுகோலே தொலைந்தது.

ஒருங்குறிக்குள்ளும் இச்சிக்கல் உண்டு. 2005இல் வந்த ஒருங்குறி 4.1இல் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பின், ‘ஸ்ரீ’ என்னும் வடிவத்தை இரு வேறு குறித்தொடர்களால் எழுத முடிகிறது. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடுபொறி இரண்டையும் இணைத்து நோக்குமாறு அமைக்கப்படாவிடின், ஒன்றைத் தேடும் ஆய்வாளருக்கு மற்றொன்றால் பதிவான நூற்பெயர் அகப்படாது.

இழப்பு தவிர்க்க முடியாததன்று என்பதற்கு மதுரைத் திட்டம் சான்றாகும். 1998இல் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய அத்தன்னார்வ முயற்சி, தன் மின்னூல்களைத் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியது. ஒவ்வொரு குறியாக்க மாற்றத்தின்போதும் யாரோ ஒருவர் அமர்ந்து நூல்களை மாற்றியதாலேயே அவை இன்றைய திறன்பேசியிலும் படிக்கக் கிடைக்கின்றன. கருவி தானே செய்யாத பணி அது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பயனர் நோக்கில் தமிழ்க் கணிமை வரலாறு நேர்கோட்டு வளர்ச்சியாக அமையவில்லை என்பது பெறப்படும். நிறுவிய தமிழில் உரிமை இருந்தது, பரிமாற்றம் இல்லை. வந்தமைந்த தமிழில் பரிமாற்றம் உண்டு, உரிமை குறைவு. பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது நம் கருத்தன்று. தமிழ் வகுப்பு மாணவன் எந்த முன்னேற்பாடுமின்றித் தன் கைப்பேசியில் தமிழில் எழுதுவது, முந்தைய தலைமுறை பெரிதும் விரும்பிய நிலையன்றோ?

எனினும், 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் முடிவுற்ற நிலையில், பள்ளிகளும் துறைகளும் பழைய கணினிகளை அகற்றி வருகின்றன. அவற்றோடு பழைய எழுத்துருக்களும், அவற்றைக் குறித்து அறிந்தோரின் நினைவும் அகன்றுவிடக் கூடும். கணினியை அப்புறப்படுத்துமுன் கோப்புகளை அவற்றின் எழுத்துருக்களோடு சேர்த்துப் படியெடுத்தல், எக்கோப்பு எக்குறியாக்கத்தில் உள்ளது எனப் பதிவுசெய்தல், ஒருங்குறிக்கு மாற்றிய பின்னும் மூலத்தை அழியாது வைத்தல் ஆகிய மூன்றும் பெரும் பொருட்செலவை வேண்டாதவை. ஓலைச்சுவடியைப் படியெடுத்துக் காத்த மரபுக்கு உரிய நாம், முப்பதாண்டுக்கு முந்தைய நம் கோப்புகளைப் படிக்க இயலாதவர்களாக நிற்றல் தகாது. அக்கோப்புகளின் எழுத்துருவை இன்னது என்று அறிந்தோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.