செயின்ட் ஜான்ஸ், நியூஃபவுண்ட்லாந்து

செயின்ட் ஜான்ஸ் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடார் மாகாணத்தின் தலைநகர். நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கிழக்கில், அவலான் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் 1,10,525 பேரும், சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் 2,12,579 பேரும் வாழ்கிறார்கள். நியூபிரன்ஸ்விக் மாகாணத்திலுள்ள செயின்ட் ஜான் வேறு நகரம். பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் விமானச் சீட்டு வாங்குவோர் ஊரையும் மாகாணத்தையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. இங்குள்ள கடிகாரமும் அண்டை மாகாணங்களோடு ஒத்துப்போகாமல் அரை மணி நேரம் விலகியே ஓடும். இந்திய, இலங்கை நேரத்துக்கு இது 9 மணி நேரம் பின்தங்கியது. கோடையில் 8 மணி நேரம்.

இந்நகரின் காட்சிகள் எல்லாவற்றிலும் கடலின் கை இருக்கிறது. துறைமுகத்தால் ஊர் பிறந்தது, மீனால் வளர்ந்தது. இன்று அதைக் காண வருவோரின் அன்றாடத் திட்டத்தையும் காற்றும் மூடுபனியுமே தீர்மானிக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் பாரிஸ் நகரைவிடச் சற்றுத் தெற்கே இருக்கும் ஊர் இது. ஆனாலும் வடக்கிலிருந்து இறங்கிவரும் லாப்ரடார் நீரோட்டம் கரையைக் குளிரவைக்கிறது. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டத்தின் மேலுள்ள ஈரக்காற்று இந்தக் குளிர்நீரைத் தொடும்போது மூடுபனி திரள்கிறது. கனடாவின் பெரிய நகரங்களுள் மூடுபனி, காற்று, மழைமேகம் ஆகியவற்றில் இது முன்வரிசையில் நிற்கிறது. 2020 ஜனவரி 17 அன்று ஒரே நாளில் 76 செ.மீ. பனி கொட்டியது, வீட்டு வாசல்கள் புதைந்தன, நகரம் ஒரு வாரத்துக்கும் மேல் நெருக்கடி நிலையில் இருந்தது. பயணிகளுக்கு உகந்த காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பனிப்பாறைகளைக் காண விரும்புவோர் மே மாதத்திலேயே வருவார்கள். ஜூலையிலும் ஒரு கம்பளிச் சட்டையும் மழைச் சட்டையும் கையில் வேண்டும்.

துறைமுகம் மலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. கடலிலிருந்து வரும் கப்பல், ‘நேரோஸ்’ எனப்படும் பாறை இடுக்கு வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 61 மீட்டர். உள்ளே வந்துவிட்டால் புயலிலும் அசையாத நீர்ப்பரப்பு. வெளியே, காட் மீன் வளத்துக்குப் பெயர்பெற்ற கிராண்ட் பேங்க்ஸ் ஆழமற்ற கடற்பகுதி. இந்த இரண்டும் அருகருகே அமைந்ததால் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசிய, பிரெஞ்சு, பாஸ்க், ஆங்கில மீனவர்கள் கோடைதோறும் இங்கு வந்து மீனை உப்பிட்டு உலர்த்தினார்கள். 1583 ஆகஸ்ட் 5 அன்று ஹம்ஃப்ரி கில்பர்ட், எலிசபெத் அரசியின் பெயரால் இந்த மண்ணை இங்கிலாந்துக்கு உரியதாக அறிவித்தபோது, துறைமுகத்தில் பல நாட்டு மீன்பிடிக் கப்பல்கள் நின்றிருந்தன. கில்பர்ட் ஊர் திரும்பும் வழியில் கடலில் மூழ்கி இறந்தார். பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த போர்களில் ஊர் பலமுறை கைமாறியது. வட அமெரிக்காவில் ஏழாண்டுப் போரின் கடைசிச் சண்டை, 1762 செப்டம்பரில் துறைமுக வாயிலின் வடக்கேயுள்ள சிக்னல் குன்றில் நடந்தது.

வருவோர் பெரும்பாலும் முதலில் ஏறுவதும் அந்தச் சிக்னல் குன்றுதான். எந்த வணிகரின் கப்பல் வருகிறது என்று கொடியேற்றிக் கீழே ஊருக்குச் சொன்ன இடம் அது. உச்சியிலுள்ள கபட் கோபுரம், கடலோடி ஜான் கபட்டின் 1497ஆம் ஆண்டுக் கடற்பயணத்தின் 400ஆம் ஆண்டையும் விக்டோரியா அரசியின் வைர விழாவையும் ஒட்டிக் கட்டப்பட்டது, 1900இல் நிறைவடைந்தது. 1901 டிசம்பர் 12 அன்று குல்யெல்மோ மார்க்கோனி இக்குன்றில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் அமர்ந்து, பலத்த காற்றில் பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு அதில் கட்டிய கம்பியின் வழியே, இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த கம்பியில்லாச் சைகையைக் கேட்டதாக அறிவித்தார். மூன்று புள்ளிகள் மட்டுமே கொண்ட, மோர்ஸ் குறியீட்டின் ‘எஸ்’ எழுத்து அது. அவர் உண்மையில் அதைக் கேட்டிருக்க முடியுமா என்று பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் ஐயம் எழுப்பியதுண்டு. ஆனால் அட்லாண்டிக் கடலுக்குக் குறுக்கே வானொலித் தொடர்பு என்னும் எண்ணத்தை உலகம் நம்பத் தொடங்கியது அந்த அறிவிப்பிலிருந்துதான்.

குன்றுக்கு வாகனத்தில் போய்விட்டு வாகனத்திலேயே இறங்கிவிடுவது பெரிய இழப்பு. நார்த் ஹெட் நடைபாதை, கோபுரத்திலிருந்து கடற்பக்கச் சரிவில் படிகளாக இறங்கி, நேரோஸ் இடுக்கின் விளிம்பைச் சுற்றி, ‘பேட்டரி’ என்னும் பழைய மீனவர் குடியிருப்பில் வந்து முடிகிறது. தூரம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. ஓரிடத்தில் பாதை மிகவும் ஒடுங்கி, பாறையில் அறைந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். காற்று வீசும் நாளிலும் பனி உறைந்த காலத்திலும் அங்கே போகலாகாது. நல்ல நாளில் ஒரு பக்கம் திறந்த கடலும், திரும்பினால் ஊர் முழுவதும் தெரியும். திமிங்கலங்கள் மூச்சுவிடும் நீர்த்தூவலைக் கரையில் நின்றே பார்க்கக் கிடைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

குன்றின் அடியில் தொடங்கும் பழைய நகரம் சரிவில் அடுக்கடுக்காக ஏறுகிறது. துறைமுகத்தை ஒட்டிய வாட்டர் வீதி, வட அமெரிக்காவின் மிகப் பழைய வணிக வீதிகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதற்கு மேலே டக்வர்த் வீதி. 1892 ஜூலை 8 அன்று ஒரு தொழுவத்தில் பற்றிய நெருப்பு காற்றின் துணையோடு நகரின் பெரும்பகுதியை எரித்துச் சுமார் 11,000 பேரை வீடற்றவர்களாக்கியது. இன்று காணும் மரவீடுகள் பெரும்பாலும் அதன் பின் விரைந்து கட்டப்பட்டவை. தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும் இவ்வீடுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனக் கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். ஜெல்லி பீன் மிட்டாயின் பெயரால் இவற்றை அழைக்கிறார்கள். மூடுபனியில் மீனவர்கள் தம் வீட்டை அடையாளம் காணவே இப்படி வண்ணம் தீட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதை அழகானது, ஆனால் மெய்யன்று. வண்ணப்பூச்சு 1970களின் பிற்பகுதியில், சிதைந்துகொண்டிருந்த நகர மையத்தை மீட்கும் முயற்சியில் பரவியது. ஜெல்லி பீன் வரிசை என்று ஒரு தனி வீதி கிடையாது. மலைச்சரிவில் எந்தக் குறுக்குத் தெருவில் ஏறினாலும் அவை கண்ணில் படும்.

மேட்டில் இரட்டைக் கோபுரங்களோடு நிற்பது புனித யோவான் ஸ்நானகர் பேராலயம். 1841இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1855இல் அர்ப்பணிக்கப்பட்டது. அயர்லாந்தின் தென்கிழக்கிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்கர்களின் உழைப்பும் காணிக்கையும் அந்தக் கற்களில் இருக்கின்றன. பக்கத்திலுள்ள கன்னியர் மடத்தில் ஜொவான்னி ஸ்ட்ராட்சா என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கிய ‘முக்காடிட்ட கன்னி’ இருக்கிறது. 1856இல் இங்கு வந்து சேர்ந்தது. முகத்தின் மேல் விழும் மெல்லிய துணியை ஒரே வெள்ளைப் பளிங்கில் கொண்டுவந்திருக்கும் கைத்திறனுக்காகவே இந்த ஊருக்கு ஒருமுறை வரலாம்.

பேராலயத்தை அடுத்து உயர்ந்து நிற்கும் ‘தி ரூம்ஸ்’, மாகாண அருங்காட்சியகமும் கலைக்கூடமும் ஆவணக்காப்பகமும் ஒன்றாக இயங்கும் இடம். 2005இல் திறக்கப்பட்டது. கடற்கரையில் மீன் பதப்படுத்திய கொட்டகைகளின் வடிவில் கட்டப்பட்டிருக்கிறது. தீவின் தொல்குடிகளான பியோத்துக் மக்களின் அழிவை இங்கே பொறுமையாகப் படித்தறியவேண்டும். ஐரோப்பியக் குடியேற்றம் கடற்கரையைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் உணவின்றி உள்நாட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். மோதலும் நோயும் சேர்ந்தன. தம் மக்களின் வாழ்வைப் படங்களாக வரைந்து காட்டிய ஷானாடித்தித் என்னும் பெண் 1829இல் செயின்ட் ஜான்ஸில் காசநோயால் இறந்தார். பியோத்துக் இனத்தவராக அறியப்பட்டோரில் கடைசியானவர் அவரே.

ஜூலை 1 கனடா முழுவதற்கும் கொண்டாட்ட நாள். இந்த ஊரிலோ காலைப்பொழுது துக்கத்துக்கு உரியது. முதல் உலகப் போரின்போது, 1916இல் அதே நாளில், பிரான்சின் போமோன்-ஹமெலில் நியூஃபவுண்ட்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 800 பேர் பதுங்குகுழியை விட்டு முன்னேறினார்கள். மறுநாள் பெயர் வாசித்தபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர். அப்போது நியூஃபவுண்ட்லாந்து கனடாவைச் சேராத தனி நாடு. 1949 மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்னர்தான் கனடாவுடன் இணைந்தது. வாட்டர் வீதிக்கும் டக்வர்த் வீதிக்கும் இடையிலுள்ள தேசியப் போர் நினைவகம் 1924இல் திறக்கப்பட்டது. சரியாக நூறாண்டு கழித்து, 2024 ஜூலை 1 அன்று, பெயர் அறியாத நியூஃபவுண்ட்லாந்துப் போர்வீரர் ஒருவரின் உடல் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கு அடக்கம் செய்யப்பட்டது.

துறைமுக விளிம்பில் இன்னொரு நினைவிடம்: புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி ஃபாக்ஸ், 1980 ஏப்ரல் 12 அன்று தம் செயற்கைக் காலை இந்த நீரில் நனைத்துவிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கியது இங்கிருந்துதான். நகரின் மேற்கேயுள்ள பௌரிங் பூங்கா குழந்தைகளோடு வருவோருக்கு ஏற்றது. அங்குள்ள பீட்டர் பான் சிலை, 1918இல் ஃபுளோரிசல் கப்பல் விபத்தில் மாண்ட சிறுமி ஒருத்தியின் நினைவாக 1925இல் வைக்கப்பட்டது.

ஊரின் பெருவிழா குவிடி விடி ஏரியில் நடக்கும் அரச படகுப் போட்டி. வட அமெரிக்காவில் இன்றும் நடந்துவரும் மிகப் பழைய விளையாட்டு நிகழ்ச்சியாக இது சொல்லப்படுகிறது. ஆறு துடுப்பாளரும் ஒரு சுக்கானியும் கொண்ட நீண்ட படகுகள் ஏரியின் கோடிவரை சென்று திரும்பவேண்டும். 1901இல் அவுட்டர் கோவ் ஊர் மீனவர்கள் 9 நிமிடம் 13.8 வினாடியில் முடித்த சாதனை 1981வரை எண்பது ஆண்டுகள் அசையவில்லை. போட்டிக்குரிய நாள் ஆகஸ்டின் முதல் புதன்கிழமை. அன்று கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் விடுமுறை. ஆனால் விடியற்காலையில் குழுவினர் ஏரியின் காற்றைப் பார்த்து ‘இன்று இல்லை’ என்றால் போட்டியும் விடுமுறையும் சேர்ந்தே அடுத்த நல்ல நாளுக்குத் தள்ளிப்போகும். முந்தைய இரவு நெடுநேரம் கொண்டாடியவர்கள் காலையில் வேலைக்குப் போகவேண்டியதாவதும் உண்டு. ஒரு நகரின் விடுமுறையையே காற்றிடம் விட்டிருப்பது இந்த ஊரின் இயல்பை நன்கு உணர்த்துகிறது. ஏரிக்கு அப்பால், பாறைகளுக்கிடையே ஒடுங்கிய குவிடி விடி மீனவர் குப்பம் நகர எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள மதுவடிப்பகம் பனிப்பாறை நீரில் பீர் வடிக்கிறது.

நகருக்குத் தென்கிழக்கே, காரில் அரை மணிக்குள் போய்ச்சேரும் தொலைவில் ஸ்பியர் முனை உள்ளது. கிரீன்லாந்தை நீக்கிப் பார்த்தால் வட அமெரிக்காவின் கிழக்குக் கோடி இதுவே. 1836ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கமும், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு எதிராக அமைத்த பீரங்கிக் குழிகளும் இருக்கின்றன. பாறை விளிம்பில் வைத்துள்ள எச்சரிக்கைப் பலகைகளைத் தட்டாமல் மதிக்கவேண்டும். அமைதியாகத் தோன்றும் கடல் திடீரென்று ஓர் அலையை மேலே அனுப்பி ஆளை இழுத்துவிடும். கிரீன்லாந்துப் பனியாறுகளிலிருந்து பிரிந்து லாப்ரடார் நீரோட்டத்தில் மிதந்துவரும் பனிப்பாறைகள் வசந்தத்தில் இந்த முனையைக் கடந்து போகும். எத்தனை வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுபடும். இன்னும் தெற்கே பே புல்ஸ் ஊரிலிருந்து கிளம்பும் படகுகள் விட்லெஸ் பே பறவைச் சரணாலயத்தீவுகளை வலம்வருகின்றன. கோடையில் இரண்டரை லட்சம் இணைகளுக்கும் மேற்பட்ட அட்லாண்டிக் பஃபின் பறவைகள் அங்கு கூடு வைக்கின்றன. கேப்லின் என்னும் சிறுமீனைத் துரத்திவரும் கூனல் திமிங்கலங்களையும் அதே பயணத்தில் காணலாம். நடப்பவர்களுக்குக் கிழக்குக்கரைப் பாதை 336 கி.மீ. நீளத்துக்கு இருக்கிறது, அரைநாளில் முடியும் துண்டுகளாகவும் நடக்கலாம்.

அவலானின் தென்முனை, தமிழர் வரலாற்றிலும் இடம்பெற்ற கரை. 1986 ஆகஸ்ட் 11 அன்று செயின்ட் ஷாட்ஸ் ஊருக்கு எதிரே, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழ் அகதிகளை உள்ளூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. செயின்ட் ஜான்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு நாட்டில் தங்கும் அனுமதி கிடைத்தது; பெரும்பாலோர் பின்னர் மொன்றியலுக்கும் டொராண்டோவுக்கும் சென்றார்கள். கனடாவில் தமிழர் குடியேற்றத்தைப் பேசும்போது இந்தக் கரையும் அந்த மீனவர்களும் நன்றியோடு நினைக்கப்படுகிறார்கள்.

அந்த மீனவர்களின் தொழிலே சில ஆண்டுகளில் நின்றுபோனது. மிகைப்பிடிப்பால் காட் மீன் வளம் குலைந்துபோக, 1992 ஜூலை 2 அன்று மத்திய அரசு வடபகுதிக் காட் மீன்பிடிக்குத் தடைவிதித்தது. தீவில் சுமார் 30,000 பேர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். தடை 2024இல்தான் விலக்கப்பட்டது. இடைக்காலத்தில் கடலடி எண்ணெயும் சுற்றுலாவும் நகரைத் தாங்கின. ஆனாலும் உணவில் காட் மீனே முதன்மை: மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும், உப்புமீனோடு ஊறவைத்த கடின ரொட்டியைச் சேர்த்து மேலே பன்றிக்கொழுப்பு வறுவல் தூவும் ‘ஃபிஷ் அண்ட் ப்ரூஸ்’ என்னும் பழைய பண்டமும் எங்கும் கிடைக்கும். இனிப்பை விரும்புவோர் வெல்லப்பாகு ஊற்றிய ‘டௌட்டன்’ என்னும் பொரித்த மாவையும், சதுப்புநிலத்தில் விளையும் பேக்காப்பிள் என்னும் பழத்தின் ஜாமையும் நாடலாம். இரவில் ஜார்ஜ் வீதியின் மதுக்கூடங்களில் அயர்லாந்து மரபில் வந்த வயலினும் அக்கார்டியனும் ஒலிக்கும். அயர்லாந்துச் சாயல் இசையோடு நிற்பதில்லை. உள்ளூர்க்காரர் பேசும் ஆங்கிலத்திலும் அது கேட்கும்.

டொராண்டோவிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நோவா ஸ்கோஷியாவின் நார்த் சிட்னியிலிருந்து கோடையில் மட்டும் ஆர்ஜென்ஷியாவுக்குக் கப்பல் உண்டு. அங்கிருந்து நகருக்குச் சுமார் 130 கி.மீ. தீவின் தென்மேற்கு முனையான போர்ட் ஓ பாஸ்கில் இறங்கினால் 900 கி.மீ. சாலைப்பயணம் காத்திருக்கும். பழைய நகரை நடந்தே பார்த்துவிடலாம், ஏற்றம் மட்டும் மூச்சுவாங்க வைக்கும். ஸ்பியர் முனைக்கும் தெற்குக் கரைக்கும் வாடகைக் கார் தேவை. கோடையில் கார் கிடைப்பது அரிது என்பதால் மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்யவேண்டும். இருட்டில் சாலையைக் கடக்கும் மூஸ் மான்களால் விபத்துகள் நேர்வதால், நகருக்கு வெளியே பகலில் ஓட்டுவதே பாதுகாப்பு. மூடுபனியால் விமானங்களும் படகுச் சுற்றுலாக்களும் நின்றுபோவது வழக்கம். மூன்று நாளில் முடிக்கக்கூடிய ஊர்தான் என்றாலும், ஐந்து நாள் ஒதுக்கி வருபவருக்கே குன்றும் முனையும் தீவுகளும் தெளிந்த வானத்தில் கிடைக்கும்.