மூச்சைக் கவனிச்சா மட்டும் போதுமா? காவிரிக்கரையில் ஒரு பழைய பதில்

உங்க ஆபீஸ் காலண்டர்ல 'மைண்ட்ஃபுல்னஸ் செஷன்'னு ஒரு இன்வைட் வந்திருக்கலாம். கண்ணை மூடுங்க, மூச்சைக் கவனிங்க, ஸ்ட்ரெஸ்ஸைத் தாங்கப் பழகுங்க. இதெல்லாம் கலிஃபோர்னியா சரக்குன்னு தோணும். ஆனா இன்னைக்கு நாம போகப்போறது பூம்புகாருக்கு.

ஆபீஸுக்குள்ள இது வந்த பாதை ரொம்பப் புதுசு. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின், நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். பௌத்த தியானத்தை, மத அடையாளம் இல்லாமல் எடுத்துக்கொண்டார். 2007-இல் கூகுள் தன் ஊழியர்களுக்கு இதே மாதிரி ஒரு வகுப்பை ஆரம்பித்தது. அப்புறம் எல்லா ஹெச்.ஆர். டிபார்ட்மெண்டுக்கும் பரவிடுச்சு.

இதன் வேர்ச்சொல் பாலி மொழியில் 'ஸதி'. நம்ம ஊர் 'சதி' இல்லைங்க! மறக்காமல் இருப்பது, விழிப்போடு இருப்பது என்று பொருள். பழைய பாலி உரைகள் இதை வாசலில் நிற்கும் காவல்காரனுக்கு ஒப்பிடும். உள்ளே யார் வர்றாங்கன்னு பார்த்துக்கிட்டே இருப்பவன்.

ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில், சோழநாட்டைச் சேர்ந்த புத்ததத்தர் என்ற பிக்கு, இலங்கை அனுராதபுரத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பினார். காவிரிப்பூம்பட்டினத்து விகாரத்தில் உட்கார்ந்து 'அபிதம்மாவதாரம்' எழுதினார். மனம் எப்படி இயங்குது, அதில் ஸதிக்கு என்ன இடம் என்று அலசும் நூல் அது. 1960-களில் தொல்லியல் துறை பூம்புகார் பல்லவனேஸ்வரத்தில் தோண்டியபோது, ஒரு பௌத்த விகாரத்தின் அடித்தளமும் புத்தபாதமும் கிடைத்தன.

இனிமேதான் முக்கியமான விஷயம். அதே புத்ததத்தர், காவிரிக்கரையின் பூதமங்கலத்தில் இன்னொரு நூலும் எழுதினார்: 'விநயவினிச்சயம்'. பிக்குகள் சேர்ந்து வாழும் இடத்துக்கான சட்டதிட்டம். அந்த விநய மரபில், சீடன் நோயில் படுத்தால் ஆசான் கவனிக்கணும். மழைக்காலம் முடிஞ்சதும் மூத்த பிக்கு உட்பட ஒவ்வொருவரும் சபையில், "என்னிடம் குறை கண்டிருந்தால் சொல்லுங்க" என்று கேட்கணும். உங்க மேனேஜர் வருஷத்துக்கு ஒருமுறை டீம் முன்னாடி இப்படிக் கேட்கிறதை நினைச்சுப் பாருங்க!

அதாவது மனப்பயிற்சி தனியா நிற்கலை. அதைச் சுத்தி நியாயமான விதிகள் இருந்தன. இன்றைய ஆபீஸ் முதல் நூலை மட்டும் எடுத்துக்கிட்டு, இரண்டாவதை விட்டுடுச்சு.

விதி இல்லாத இடத்தில் 'தாங்கும் சக்தி'க்கு என்ன அர்த்தம்? அதுக்கும் டெல்டாவிலேயே பதில் இருக்கு. சுமார் 1500 வருஷம் கழிச்சு, 1940-களின் தஞ்சை மாவட்டம். நெல் விளைவித்த பண்ணையாட்களில் பெரும்பாலோர் தலித்துகள். வேலைக்கு நேரக் கணக்கு கிடையாது. தப்பு செஞ்சதா சொன்னால் சவுக்கடி, சாணிப்பால். தலைமுறை தலைமுறையா அவங்க தாங்கினாங்க. தாங்கிறதில் அவங்களை மிஞ்ச யாரால் முடியும்? ஆனா அந்தத் தாங்கும் சக்தி அவங்க நிலைமையை மாத்தலை.

மாத்தியது சங்கம். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1943 முதல் ஊர் ஊராகப் போய் விவசாயிகளைத் திரட்டினார்கள். அடிக்கக்கூடாது, சாணிப்பால் புகட்டக்கூடாது என்பது ஒப்பந்தமாகவே எழுதப்பட்டது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டுதான் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

ஏசி ரூமில் இருக்கும் வேலையையும் அந்தக் கொடுமையையும் ஒண்ணா வைக்க முடியாது. ஆனா கேள்வி ஒண்ணுதான்: பாரத்தைக் குறைக்கணுமா, சுமக்கிறவன் தோளை மட்டும் பலமாக்கணுமா? 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் 'பர்ன்அவுட்'டை, சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது. தனி ஆளோட பலவீனம் என்று சொல்லவில்லை.

மூச்சைக் கவனிங்க, நல்லது. அந்தக் காவல்காரனை வாசலில் நிறுத்துங்க. கூடவே, ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற மெயிலுக்கு என்ன விதின்னும் அடுத்த செஷன்ல கேளுங்க. புத்ததத்தர் இந்த ரெண்டு நூலையும் எழுதினார் என்பதை ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்.