கொடுமுடிக் குரலும் செங்கோட்டைக் குரலும்

ஒலிபெருக்கி வருவதற்கு முன், தமிழ்நாட்டு நாடகக் கொட்டகையில் நடிகருக்கு வேண்டிய முதல் தகுதி குரல். இரவில் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும், கேளாவிட்டால் கூச்சலிடுவான். அந்தக் கூச்சலுக்கு அஞ்சியே அந்நாளைய நடிகர் மேல்சுருதியில் பாடப் பழகினர் எனலாம்.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் எல்லா நடிகருக்கும் மனப்பாடம். ஆகையால், தனித்தனியே பேசி அமர்த்தப்பட்ட நடிகர்கள் ஒத்திகை ஏதுமின்றி ஒரே மேடையில் கூடி நடிக்க முடிந்தது. 'ஸ்பெஷல் நாடகம்' என்று வழங்கியது இதுவே. வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் உடனே பாட்டால் விடை தரவேண்டும். சபைக் கச்சேரியில் கற்க முடியாத பாடம் அது.

இம்மேடை வளர்த்தவருள் எஸ். ஜி. கிட்டப்பா ஒருவர். 1906இல் செங்கோட்டையில், வறிய குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்தாரும் நாடகத்துக்கு வந்தமையால் குடும்பமே மேடையை நம்பி வாழ்ந்தது. கே. பி. சுந்தராம்பாள் 1908இல் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தவர். வறுமை காரணமாகச் சிறுமியாய் இரயிலில் பாடியவர். அக்குரலைக் கேட்ட எப். ஜி. நடேச அய்யர் அவரை நாடகத்துக்கு வழிப்படுத்தினார் என்பர். இருவருக்கும் பள்ளிக்கூடம் நாடகக் கம்பெனிதான்.

1926இல் இலங்கையில் இருவரும் இணைந்து நடித்தனர். கிட்டப்பாவின் புகழை அறிந்தோர், இவருக்கு ஈடாகப் பாட இந்தப் பெண்ணால் ஆகுமா என்று ஐயுற்றனராம். ஆயிற்று, அதன்பின் இவ்விருவர் பெயரும் சேர்ந்தே விளம்பரத்தில் நின்றன. 1927இல் மணம் நடந்தது. கிட்டப்பா முன்னரே மணமானவர். வாழ்வு நெடுநாள் இனிக்கவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழுதான். தமிழில் பேசும் படம் வந்து ஈராண்டு ஆகியும் அவர் ஒரு படத்திலும் நடித்தாரில்லை. அக்குரலுக்குச் சான்றாக எஞ்சியவை இசைத்தட்டுகளே.

இருபத்தைந்து வயதில் அம்மையார் வெள்ளுடை உடுத்தார். இனி வேறெந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பாட்டையும் நடிப்பையும் தவிர வேறு பிழைப்பில்லாத ஒருவர் தம் தொழிலின் பெரும்பகுதியைத் தாமே அடைத்துக்கொண்டார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அன்றைய கதைகளில் காதலன் இல்லாத நாயகி எத்தனை பேர்?

ஆயினும் படமுதலாளிகள் வந்தனர். 1935இல் வெளியான 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாகவே அவர் தோன்றினார். ஆண் வேடம், ஆகவே ஆண் இணை வேண்டியதில்லை. மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். அம்மையாருக்குப் பேசிய ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். இரயிலில் பாடிய சிறுமிக்குத் தம் குரலின் விலையைத் தாமே சொல்லும் காலம் வந்திருந்தது. விரும்பாத வேடத்தை மறுக்கும் துணிவுக்கு இவ்வூதியமும் ஒரு காரணமாய் இருந்திருக்கும்.

பின்னர் வந்த வேடங்களை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். 1940இல் துறவு பூணும் மணிமேகலை. 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்'. முதுமையை வரமாகக் கேட்டு வாங்கிய புலவர் வேடம். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். அடுத்த ஆண்டு 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை. கணவனோடு வாழும் பெண் இவர்களில் எவருமில்லை. அழகையும் இளமையையும் நாடிய திரையுலகம், வெண்ணீறு பூசிய ஒரு மூதாட்டிக்காகக் கதையை அமைத்தது என்றால், அதற்குக் காரணம் அந்தக் குரலன்றி வேறில்லை.

1970இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980இல் அம்மையார் மறைந்தார். வெள்ளுடையை இறுதிவரை மாற்றவில்லை.