வாசல்வரை வந்த சட்டம்: சிங்கப்பூர் வீடுகளில் அந்தரங்கப் பாதுகாப்பு

தேக்கா வட்டாரத்திலும் தீவின் பிற பகுதிகளிலும் உள்ள பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகள் பலவற்றில் படுக்கையறைச் சன்னல் பொது நடைவழியைப் பார்த்தே திறக்கிறது. காற்றுக்காகத் திறந்தால் போகிறவர் வருகிறவர் கண்ணில் கட்டில் படும். சாத்தினால் புழுக்கம் தாங்காது. இப்படிப்பட்ட வீட்டின் அந்தரங்கத்தைச் சட்டம் எப்படிக் காத்து வந்திருக்கிறது? இந்திய உச்ச நீதிமன்றம் 2017ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. சிங்கப்பூர் அரசியலமைப்பில் அப்படியொரு விதி இல்லை. இங்கே ஒவ்வொரு தொல்லையும் தலையெடுத்த பிறகே அதற்கென ஒரு சட்டம் பிறந்திருக்கிறது.

முதல் சட்டம் கல்கத்தாவிலிருந்து வந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு, பெண்ணின் நாணத்தை இழிவுபடுத்தும் நோக்கில் அவள் அந்தரங்கத்தில் தலையிடுவதைக் குற்றமாக்கியது. 1871ல் நீரிணைக் குடியேற்றங்கள் அச்சட்டத்தைத் தமக்கென இயற்றிக்கொண்டன. காக்கப்பட்டது பெண்ணின் மானம் மட்டுமே. ஆணின் அந்தரங்கமும் பொதுவாகக் குடும்பத்தின் அந்தரங்கமும் அதில் இடம்பெறவில்லை. ஆண், பெண் இருவரையும் காக்கும் வகையில் ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் தனிக் குற்றமாக நடைமுறைக்கு வர 2020 ஆகிவிட்டது.

இரண்டாவது ஊற்று வணிகம். 1998லும் 2002லும் தனியார் துறைக்கான தகவல் பாதுகாப்பு நெறிமுறைகள் வந்தன. விரும்பிய நிறுவனம் பின்பற்றலாம் என்ற அளவில் நின்ற அவற்றால், இரவு உணவு நேரத்தில் கடன் வேண்டுமா, காப்புறுதி வேண்டுமா என்று வரும் அழைப்புகளை நிறுத்த முடியவில்லை. 2012ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விளம்பர அழைப்பு வேண்டாமெனப் பதிந்தோரின் எண்களை அழைப்பதற்கான தடை 2014 ஜனவரி 2ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒரு டியூஷன் நிறுவனத்துக்கும் அதன் இயக்குநருக்கும் தலா 39,000 வெள்ளி அபராதம் விழுந்தது. நெறிமுறைகளால் ஆகாததை அபராதம் செய்தது என்றே சொல்ல வேண்டும்.

வாசலில் வந்து தொல்லை தருவோர் விவகாரத்தில் நீதிமன்றம் முந்திக்கொண்டது. முன்னாள் ஊழியர் ஒருவர் ஓயாத அழைப்புகளாலும் குறுஞ்செய்திகளாலும் வீட்டுக்கே வந்தும் துன்புறுத்திய மால்கம்சன் வழக்கில், 2001ல் உயர் நீதிமன்றம் தொல்லையை இழப்பீடு கோரத்தக்க தவறாக ஏற்றது. பின்னர் வேறொரு தீர்ப்பு அதைச் சந்தேகிக்க, 2014ல் தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டு ஐயம் தீர்ந்தது.

அடுத்து கேமரா. 2020ல் வீட்டுக் கேமராக்களை ஊடுருவி எடுத்த காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்ட செய்தி வெளியானது. சிங்கப்பூர் வீடுகளும் அவற்றில் இருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் இணையப் பாதுகாப்பு அமைப்பு, கருவிகளுக்கு நான்கு நிலைத் தரமுத்திரை வழங்கத் தொடங்கியது. 2023 மே மாதம் முதல், அண்டை வீட்டின் கதவையோ சன்னலையோ நேராக நோக்காத வரை, நடைவழிக் கேமராவுக்கு முன் அனுமதி தேவையில்லை. கேமரா சற்றே திரும்பினாலும் அந்தக் கட்டில் தெரியும். அப்போது தகவல் பாதுகாப்புச் சட்டம் உதவாது. சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செயல்படுவோருக்கு அது விலக்களிக்கிறது. பாதிக்கப்பட்டவர் 2015ல் அமைந்த அண்டைவீட்டார் பூசல்களுக்கான நடுவர் மன்றத்தை நாடலாம். வேவு பார்ப்பதும் அங்கே வழக்காகும்.

இல்லப் பணிப்பெண்ணோ அண்டைவீட்டாரும் அல்லர், குடும்பத்தாரும் அல்லர். கேமரா இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டும், அவர் உறங்கும், உடைமாற்றும் இடங்களில் அதைப் பொருத்தக்கூடாது என்கிறது மனிதவள அமைச்சின் அறிவுறுத்தல். ஆனால் சில வீடுகளில் பாட்டியின் அறையிலேயே அவர் படுக்கிறார். பாட்டி விழுந்துவிடக்கூடாதே என்றுதான் அங்கே கேமரா வைக்கிறார்கள். எந்த நேரத்தில் அது அணைந்திருக்கும், பதிவை யார் பார்ப்பார்கள் என்பதைப் பணி ஒப்பந்தத்திலேயே, அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதே என் கருத்து.