வலீயும் வக்கீலும்: மனநோயுற்றோரின் குரல் பற்றி

நிக்காஹ் மஜ்லிஸ்களில் ‘வலீ’, ‘வக்கீல்’ என்னும் இரு சொற்களையும் நாம் கேட்டுப் பழகியுள்ளோம். இரண்டும் அறபு மொழியின் கொடை. ஃபிக்ஹு நூல்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. வலீ, பிறருக்காகத் தாமே முடிவெடுக்கும் பொறுப்பாளர். வக்கீல், தம்மை நியமித்தவரின் விருப்பத்தை அவர் சார்பில் எடுத்துரைப்பவர். சித்தம் கலங்கியவர் செய்யும் நியமனம் செல்லாது என்பதால், அவருக்கு வலீ உண்டு, வக்கீல் இல்லை. பிற நாட்டுப் பழைய சட்டங்களும் பெரும்பாலும் இவ்வாறே கருதின. அந்நிலையை எதிர்த்து எழுந்த முற்பட்ட குரல்களில் ஒன்று இங்கிலாந்தில் ஒலித்தது.

1812இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலின் மகன் ஜான் தாமஸ் பெர்சிவல் (1803–1876). இவர் 1831இலிருந்து 1834வரை பிரிஸ்டலுக்கு அருகிலும் பின்னர் சஸெக்ஸிலும் இருந்த தனியார் மனநோயாளர் இல்லங்களில் குடும்பத்தாரால் சேர்க்கப்பட்டிருந்தார். வெளிவந்தபின் 1838இலும் 1840இலும் தம் அனுபவங்களை நூல்களாக வெளியிட்டார். தாம் நோயுற்றிருந்ததை அவர் மறுக்கவில்லை. கட்டிவைக்கப்பட்டதும், தம்மிடம் எதையும் விளக்காமலும் கேட்காமலும் எல்லாம் நடந்ததுமே அவருடைய முறையீடு. செல்வாக்குமிக்க குடும்பத்தில் பிறந்தவருக்கே இந்நிலை என்றால், எளியோரின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1845இல் அவரும் நண்பர்களும் ‘பித்தர் எனச் சொல்லப்படுவோரின் நண்பர் சங்கம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். ‘சொல்லப்படுவோர்’ என்ற சொல்லிலேயே அதன் கொள்கை அடங்கியிருந்தது. சங்கத்தார் இல்லங்களுக்குச் சென்று அடைபட்டோரைக் கண்டனர். சட்ட உதவி அளித்தனர். நாடாளுமன்றத்துக்கு மனுச் செய்தனர். 1859இல் அமைந்த நாடாளுமன்றத் தேர்வுக்குழுவின் முன் பெர்சிவல் சாட்சியமளித்தார். 1860களில் சங்கம் மறைந்தது. எனினும் அதன் எண்ணம் நெடுங்காலத்துக்குப் பின் சட்டமாயிற்று. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 2009 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில், சட்டப்படி மருத்துவமனையில் தடுத்துவைக்கப்பட்டோர் சுயேச்சையான சார்புரைப்பாளரின் துணையைப் பெறும் உரிமை எய்தினர். இவர் மருத்துவமனைக்கோ குடும்பத்துக்கோ கட்டுப்பட்டவர் அல்லர். நோயாளியைத் தனிமையில் சந்திப்பார், உரிமைகளை விளக்குவார், அவர் சொல்ல விரும்புவதைச் சொல்ல உதவுவார். முடிவெடுப்பது இவர் பணியன்று. இவர் வக்கீலே; வலீ அல்லர்.

இதனைப் படிக்கும் நமக்கு ஏர்வாடி நினைவுக்கு வராமல் இராது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், தர்காவை அண்டியிருந்த தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்ததால் தப்பிக்க வழியின்றி 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது எனத் தடுத்தது. இலவசச் சட்ட உதவியையும், நோயாளி தாமே தம் பிரதிநிதியை நியமிக்கும் உரிமையையும் வழங்கியது. ஆயினும் அவர் எவரையும் நியமிக்காதபோது அவ்விடம் முதலில் உறவினருக்கே செல்கிறது.

ஏர்வாடிக்கு அவர்களை அழைத்துவந்தவர்களுள் பலர் உறவினரே. பிணி நீங்கும் என்னும் நம்பிக்கையோடு வந்த அவர்களைக் கொடியோர் என்பது பொருந்தாது. இறையருள் பெற்ற வலீயின் வாசலில், குடும்பம் என்னும் வலீயும் அந்நோயாளர்க்கு இருந்தது. “இந்தச் சங்கிலி எனக்கு வேண்டாம்” என்று அவர்கள் சொன்னபோது, அதைக் கேட்டு உரியவரிடம் எடுத்துரைக்க ஒரு வக்கீல்தான் இல்லை. நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நிரப்ப வேண்டிய இடம் அதுவே.